வெள்ளிக்கிழமை மட்டும் கெட்டுப்போன பூட்டு

போன மாதம் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். மலாக்காவின் ஆயர் குரோவில் நான் ஓய்வுபெற்ற கார் சர்வீஸ் நிலையத்துக்கு இப்போது அவள்தான் மேற்பார்வையாளர். ஓய்வுபெற்றவனைப் பழைய இடத்திலிருந்து அழைத்தால் பெரும்பாலும் யாரோ இறந்திருப்பார்கள், அல்லது யாருக்கோ நன்கொடை தேவைப்படும். கவிதா இரண்டுக்கும் அழைக்கவில்லை. குரலில் சந்தோஷம் தெரிந்தது.

“சார், ஒரு ரிமோட் கேஸ். நீங்க கேட்டே ஆகணும்.”

குருபோங்கில் ஒருவருடைய கார். வீட்டுப் போர்ச்சில் நின்று ரிமோட்டை அமுக்கினால் கதவு திறப்பதில்லை. நிலையத்துக்குக் கொண்டுவந்து அமுக்கினால் நல்ல பிள்ளையாகத் திறக்கிறது. ரிமோட்டின் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். திரும்ப வந்தார். ரிமோட்டைக் காருடன் புதிதாகப் பதிவு செய்து கொடுத்தார்கள். திரும்ப வந்தார். காருக்குள் சிக்னலைக் கேட்கும் பெட்டியையே மாற்றினார்கள். அப்போதும் வந்தார், இந்த முறை சத்தத்தோடு வந்தார். சோதனைக் கருவியைக் காரில் சொருகிப் பார்த்தால் ‘பழுது இல்லை’ என்று காட்டுகிறது. கருவி பழுது இல்லை என்று சொன்னால் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்பது இன்றைய பட்டறைகளின் மதம். கவிதா அந்த மதத்தில் சேராதவள்.

“நேரா அவரு வீட்டுக்கே போய்ட்டேன் சார். போர்ச்சுல அமுக்கினா செத்த மாதிரி கெடக்கு. காரை ரோட்டு முனைக்குக் கொண்டுபோய் அமுக்கினா டக்குனு திறக்குது. பாத்தா பக்கத்து வீட்ல புதுசா ஆட்டோகேட், அதுவும் ரிமோட்ல திறக்கிறது. ‘ஆன்ட்டி, கேட்டோட மெயின் சுவிட்ச கொஞ்சம் அடைங்க’ன்னேன். அடைச்சாங்க. போர்ச்சுலயே திறந்துடுச்சு. அந்தக் கேட் பெட்டி கெட்டுப்போய் அதே அலைவரிசைல இரைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு சார். இவரு ரிமோட் சொல்றது காருக்குக் காதுல விழல. அவ்ளோதான்.”

நான் மனதாரப் பாராட்டினேன். அவள் சிரித்துவிட்டு, “உங்க காலத்துல இந்தத் தலைவலியெல்லாம் ஏது சார்? சாவி போட்டா திறக்கும், போடலன்னா திறக்காது” என்றாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில் காஜா பெராங்கில் சாவியில்லாமல் திறந்த கார் ஒன்று இருந்தது என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கிண்டல் என் வழக்கம்தான். ஆனால் இது கிண்டல் இல்லை. அப்படியானால் நிலையத்தின் மலருக்கு எழுதித் தாருங்கள் என்றாள். எழுதுகிறேன்.

சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய கையோடு அரசாங்க குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று காஜா பெராங் சாலையில் இருந்த ஒரு கார் பட்டறையில் சேர்ந்தேன். அந்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. தரை கூட்டினேன், பாகங்களைப் பெட்ரோலில் கழுவினேன், பிறகு மற்றவர்கள் வேலை செய்யக் கைவிளக்குப் பிடித்தேன். கொஞ்ச காலம் போனதும் எனக்கே ஒருவர் விளக்குப் பிடித்தார். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது போர்மன் பிள்ளையைப் பற்றி.

தேவராஜா பிள்ளை எங்கள் பட்டறைக்குப் பக்கத்துச் சந்துகளில் வாழும் மலாக்கா செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். கோயில், திருநீறு, பொங்கல் எல்லாம் உண்டு. வீட்டுமொழி மட்டும் அவர்களுக்கே உரிய மலாய். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் கேட்டால் ‘இவ்வளவு நல்ல தமிழ் நான் எப்போது பேசினேன்’ என்று சந்தேகப்படுவார்.

அடக்கமானவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, முறுக்கிய மீசை, மேல்பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கிரீஸ் ஒழுகும் பட்டறையில் அந்தக் கைக்குட்டை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பூட்டில் கைவைப்பதற்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். கார் கம்பெனிகள் அனுப்பும் பழுதுபார்க்கும் கையேடுகளை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். தான் படித்திருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றும் விரும்பினார். குரலை உயர்த்த மாட்டார். ஒருவனைத் திட்ட வேண்டுமானால் அவனை ‘துவான்’ என்று மரியாதையாக அழைப்பார். அவர் வாயால் துவான் ஆனவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

அவருடைய சட்டம் இரண்டே சொல்: “தெங்கோ டூலு.” முதலில் பார். கார் வந்ததும் சொந்தக்காரர் சொல்வதை முழுக்கக் கேட்பார். இடையில் பேசவே மாட்டார். பிறகு, “நீங்களே செய்து காட்டுங்கள்” என்பார். சொந்தக்காரர் கையால் பழுது ஒருமுறை நடக்க வேண்டும். அடுத்து அவர் கையால் ஒருமுறை. அதற்குப் பிறகுதான் திருப்புளி பெட்டியை விட்டு வெளியே வரும். “நடக்காத பழுதை யாராலும் சரிபண்ண முடியாது. சரிபண்ணினதா சொல்லி அனுப்பத்தான் முடியும்” என்பார்.

பூட்டு விஷயத்தில் இது அவசியம். காரணம், நம் ஜனங்கள் பூட்டுக்குள் போடாத பொருளே கிடையாது. சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். ஒரு வாரம் வழவழவென்று திரும்பும், பிறகு தூசியைக் கூட்டிச் சேர்த்துப் பிசினாகிவிடும். மெழுகுவர்த்தியைச் சொருகியவர் உண்டு. மருத்துவர் ஒருவர், படித்தவர், தைலம் விட்டிருந்தார். அந்தக் கதவைத் திறந்தவருக்குச் சளி இருந்திருந்தால் குணமாகியிருக்கும். பிள்ளையின் முறை வேறு. பெட்ரோலில் கழுவு, காயவிடு, பென்சில் முனையைச் சீவி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி உள்ளே விடு. எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது.

இனி அந்தக் கார்.

ஊரில் கொடி மாறியிருந்தது. காவல் நிலையத்தில் வெள்ளைக்கார அதிகாரி பெட்டி கட்டிக்கொண்டு போக, அந்த நாற்காலிக்கு யூசோப் என்ற இளம் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். எதையும் தப்பில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற கவலை அவர் நெற்றியிலேயே தெரியும். பட்டறையைப் பொறுத்தவரை சுதந்திரம் என்றால், பானெட்டில் குட்டிக் கொடி நட ஒரு துளை போட்டுத் தாருங்கள் என்று ஆட்கள் வரிசையில் நின்றதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஜவுளிக்கடை ராமலிங்கம் முதலாளியின் கறுப்புக் கார் உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் இன்ஸ்பெக்டர் யூசோப். பக்கத்தில் முதலாளி. காரின் டிரைவர் அந்தோணி பின் சீட்டில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் பின் சீட்டில் வருவதைப் பார்த்ததுமே விவகாரம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

முதலாளி இறங்கியவுடன் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகும் வழியில், மகள் கல்யாணத்துக்குச் செய்யக் கொடுத்திருந்த தங்கச் சங்கிலியைப் பத்தரிடம் வாங்கியிருக்கிறார். அதைக் காருக்குள் முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் முன்பெட்டியில் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனார். அந்தோணி காரைப் பூட்டிவிட்டு எதிர்க்கடையில் தேநீர் குடித்தார். திரும்பி வந்து பார்த்தால் கதவு மூடியிருக்கிறது, முன்பெட்டி திறந்திருக்கிறது, சங்கிலி இல்லை.

“பூட்டு உடையல. கண்ணாடி உடையல. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் மடியில. இன்னொண்ணு இவன் பாக்கெட்ல. அப்ப பேயா வந்து எடுத்துட்டுப் போச்சு?” என்றார் முதலாளி.

இன்ஸ்பெக்டர் சுருக்கமாகச் சொன்னார். அந்தோணியின் அறையைச் சோதித்தாகிவிட்டது, எதுவும் கிடைக்கவில்லை. இனி ஒரே கேள்விதான். இந்தப் பூட்டை அதன் சாவி இல்லாமல் திறக்க முடியுமா? முடியாது என்றால் அந்தோணிமேல் வழக்கு எழுத வேண்டியதுதான்.

நான் அந்தோணி பக்கத்தில் நின்றேன். அவர் தாழ்ந்த குரலில், யாரையும் பார்க்காமல் பேசினார். “கடைக்குப் பின்னால ரூமுல குடும்பத்தோட இருக்கோம் தம்பி. ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணுன்னுட்டாரு. போலீஸ்ல எழுதிட்டாங்கன்னா லைசென்ஸு போயிரும். திருடன்னு பேரு வந்தவனுக்கு எவன் ஓட்டக் காடி குடுப்பான்?”

முதலாளிக்கு அவசரம். “பிள்ளை, சட்டுனு கழுவி எண்ணெய் போட்டு, பூட்டு நல்லா இருக்குன்னு துவான்கிட்ட சொல்லிடுங்க. கடை தொறக்கணும்.”

பூட்டு வேலை வந்தால் முதலில் கழுவுவது பட்டறையின் வழக்கம். நான் பெட்ரோல் டின்னோடு வந்தேன்.

“அதைக் கீழே வை” என்றார் பிள்ளை. “கழுவினா பூட்டு சுத்தமாயிடும். இன்னிக்கு நமக்கு வேண்டியது சுத்தமான பூட்டு இல்லை. வெள்ளிக்கிழமை இருந்த பூட்டு.”

கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அந்தக் காரில் டிரைவர் பக்கக் கதவில் மட்டும்தான் சாவித்துளை. முதலில் அந்தோணியைக் காரின் சாவியால் பூட்டித் திறக்கச் சொன்னார். சரியாக வேலை செய்தது. பிறகு பட்டறையில் கிடந்த பழைய சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டார். உள்ளே போனவையும் திரும்பவில்லை. மெல்லிய திருப்புளி, திரும்பவில்லை. கடைசியில் தன் காப்பிக் குவளையில் இருந்த சிறிய ஸ்பூனை எடுத்து, துடைத்து, அதன் வாலை நுழைத்துத் திருகினார். அதுவும் திரும்பவில்லை.

“பாத்தீங்கல்ல?” என்றார் முதலாளி. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். அந்தோணி கண்ணை மூடிக்கொண்டார்.

பிள்ளை எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. காரின் சாவியை மறுபடி உள்ளே விட்டு, மெதுவாக வெளியே இழுத்து, அந்தப் புனிதமான வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்தார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“சந்தனம்” என்றார். பிறகு, முதலாளிமாரை எங்கள் ஊரில் அழைப்பதுபோல், “தௌக்கே, காருக்குச் சந்தனம் வைக்கிறது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான். ஒவ்வொரு வெள்ளியும் குளிச்சிட்டு என் கையால அரைச்சு, என் கையால வைப்பேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். இவன் வேதக்காரன், இவனா வைப்பான்?”

“எங்கெங்கே வைப்பீங்க?”

“பானெட்டு, நாலு டயரு. அப்புறம் கதவுல சாவி போடுற எடம்.”

“சாவி போடுற இடத்தில் எதற்கு?”

“என்ன கேள்வி இது? திருடன் கை வைக்கப்படாதுன்னுதான்!”

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு நான் டயர் ஒன்றை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளையின் மீசை முடி ஒன்றுகூட அசையவில்லை. இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, “துவான், பூட்டைச் சோதித்துவிட்டேன். வெள்ளிக்கிழமையை இன்னும் சோதிக்கவில்லை. அதைச் செய்யாமல் பதில் சொல்ல முடியாது” என்றார். இந்தத் துவான் திட்டும் துவான் இல்லை.

“சாமி காரியத்துல கை வைக்காதீங்க பிள்ளை” என்று முதலாளி எகிறினார்.

“நானும் அதே கோயிலுக்குத்தான் போறேன் தௌக்கே. வழக்கமா செய்றதை வழக்கமா செய்ங்க. நான் கூட நின்று பாக்கிறேன். அவ்வளவுதான்.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அவர் அன்றே முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். புதிய நாற்காலி, ஊரில் பெயருள்ள முதலாளி, ஏழை டிரைவர். “வெள்ளிக்கிழமை வரை” என்றார். அதுவரை இரண்டு சாவிகளும் தன்னிடம் இருக்கும், அந்தோணி தினமும் நிலையத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டும், அறையைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. பூட்டில் சந்தேகம் என்று பிள்ளை சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் நம்பியிருப்பார். பிள்ளை அப்படிச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் பிள்ளையைத் துளைத்தேன். “என்ன நடந்திருக்கும் சொல்லுங்க.”

“தெரியாது.”

“ஒரு ஊகமாவது?”

“ஊகம் உனக்கு எதற்கு? நீ வழக்கறிஞனா?”

தெரியாது என்ற சொல்லை அவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்ன வேறொருவரை நான் பார்த்ததில்லை. பின்னாளில் நான் சந்தித்த நிபுணர்கள் பலருக்கு அந்தச் சொல் வாயில் நுழையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டு வாசலில் கூடினோம். முதலாளி குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் கொண்டுவந்தார். முகத்தில் பக்தி குறைவாகவும் கோபம் கூடுதலாகவும் இருந்தது. பானெட்டுக்கு வைத்தார். டயர்களுக்கு வைத்தார். கதவுக்கு வந்ததும் ஒற்றை விரல் நுனியால் கடுகளவு தொட்டு வைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

“தௌக்கே,” என்றார் பிள்ளை, மிகுந்த மரியாதையோடு. “மச்சம் பியாசா. வழக்கம்போல.”

“இதான் வழக்கம்.”

வாசல்படியில் நின்றிருந்த முதலாளியின் மனைவி அங்கிருந்தே சொன்னார்: “எங்க வழக்கம்? அப்பி வைப்பீங்களே! நாந்தான வாராவாரம் கதவத் தொடைக்கிறேன்.”

முதலாளி இரண்டு விரலால் அள்ளிச் சாவித்துளைமேல் அப்பினார். நடுவில் குங்குமமும் வைத்தார். அந்தத் துளை இருந்த இடமே தெரியவில்லை.

“இதற்குப் பிறகு அன்று கதவைத் திறந்தது யார்?” என்றார் பிள்ளை.

“நான்தான்” என்றார் அந்தோணி.

பிள்ளை கேட்டுக்கொள்ள, இன்ஸ்பெக்டர் சாவியை அந்தோணியிடம் கொடுத்தார். அந்தோணி சந்தனத்தின் நடுவே சாவியைக் குத்தி உள்ளே தள்ளினார். அந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான் எனக்கு லேசாகப் புரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு வாரமும் அந்தச் சாவி ஒரு கரண்டியாக வேலை செய்திருக்கிறது.

முன்போலவே கோயிலுக்குப் போனார்கள். கோயில் பக்கம்தான், பிள்ளையும் நானும் சைக்கிளில் பின்தொடர்ந்தோம். அதே வேலியோரம் கார் நின்றது. அந்தோணி கதவைப் பூட்டினார். இரண்டு சாவிகளும் இன்ஸ்பெக்டரின் சட்டைப்பைக்குள் போயின. முதலாளி அங்கேயே நின்று பார்க்க விரும்பினார். பிள்ளை, “நீங்க சாமி கும்பிட்டுட்டு வாங்க. அன்னிக்குச் செய்ததில் எதையும் விடக் கூடாது” என்று உள்ளே அனுப்பிவிட்டார்.

கோயில் மணி அடித்தது. பிள்ளை பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய காப்பி ஸ்பூனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். “நீங்க செய்ங்க துவான். நான் செய்தால் பட்டறைக்காரன் கைவித்தை என்று சொல்வார்கள்.”

இன்ஸ்பெக்டர் ஸ்பூனின் வாலை நுழைத்தார். திருகினார். ‘டக்’ என்று சத்தம். கதவு திறந்துகொண்டது.

அவர் கதவைப் பார்த்தார், ஸ்பூனைப் பார்த்தார். மறுபடி மூடி ஸ்பூனாலேயே பூட்டினார். ஸ்பூனாலேயே திறந்தார். பிரசாதத்தோடு வெளியே வந்த முதலாளியிடம், “உங்களிடம் வேறு ஏதாவது சாவி இருக்கிறதா?” என்று கேட்டார். முதலாளி இடுப்பிலிருந்து கடை அலமாரிச் சாவியை எடுத்தார். போட்டார். திருகினார். ஜவுளிக்கடை அலமாரிச் சாவிக்குக் கார் கதவு திறந்தது. முதலாளி கையிலிருந்த தேங்காய் மூடி சாலையில் உருண்டது.

அந்தோணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “மாதாவே” என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது.

நானாக இருந்தால் அங்கேயே முடித்துக்கொண்டு வெற்றிப் பெருமிதத்தோடு சைக்கிள் ஏறியிருப்பேன். பிள்ளை, “பாதிதான் முடிந்தது. திங்கட்கிழமை ஏன் திறக்கவில்லை?” என்றார். அந்தோணியிடம் காரைக் கொடுத்து, காஜா பெராங் சாலையில் மேலும் கீழும் ஓட்டிவரச் சொன்னார். குண்டும் குழியுமான சாலை. அந்தோணி போய்ப் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் கதவை ஓங்கி அடைக்கச் சொல்லி, ஸ்பூனைப் போட்டுப் பார்த்தார் பிள்ளை. திறந்தது, திறந்தது, கொஞ்சம் இறுகித் திறந்தது. இருட்டுவதற்குள், வெளியே சந்தனம் காய்ந்து வெடித்து உதிர ஆரம்பித்த நேரத்தில், ஸ்பூன் திரும்ப மறுத்துவிட்டது. காரின் சாவி மட்டும் திறந்தது. அப்போதுதான் பிள்ளை தன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் எல்லோர் முன்னிலையிலும் பூட்டைக் கழற்றினோம். கதவின் உள்பக்க அட்டையை எடுத்து, சாவி நுழையும் உருளையைப் பிடித்திருக்கும் கம்பிக் கவ்வியை விடுவித்து, உருளையை வெள்ளைத் தாளின்மேல் வைத்தார் பிள்ளை. இத்தகைய பூட்டுக்குள் வரிசையாகச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருக்கும். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளி, உருளை திரும்பாதபடி தடுக்கும். சரியான சாவி போனால் தகடுகள் உள்ளடங்கி வழிவிடும். சாவியை எடுத்ததும் தகடுகள் மறுபடி துள்ளி வெளியே வர வேண்டும். இந்தப் பூட்டில் தகடுகள் நகரும் இடமெல்லாம் பழைய சந்தனமும் குங்குமமும் அப்பிக் கல்லாகியிருந்தன. மயிரிழை இடம்தான் மிச்சம். அதில் புதுச் சந்தனம் ஈரத்தோடு போனால் பசைதான். உள்ளடங்கிய தகடுகள் அப்படியே ஒட்டிக்கொள்ளும், எதைப் போட்டாலும் உருளை திரும்பும். ஈரம் காய்ந்து, குலுங்கி, பசை விட்டதும் தகடுகள் ஒவ்வொன்றாகத் துள்ளி எழும். பூட்டு மறுபடி பூட்டாகிவிடும். இதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளிலும் அந்தக் கார் கோயில் வாசலில் திறந்த வீடாகத்தான் நின்றிருக்கிறது. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். “அப்படியானால் அந்தோணி எடுக்கவில்லை.”

இங்கேதான் நான் பிள்ளையை முழுதாக மதிக்கத் தொடங்கினேன். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். “அதைப் பூட்டு சொல்லாது துவான்” என்றார். “அன்று அந்த நேரத்தில், கையில் ஸ்பூன் வைத்திருந்த எவனும் திறந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது அதுதான்.”

“அப்ப இவனும் எடுத்திருக்கலாம்தானே?” என்று முதலாளி குறுக்கிட்டார்.

“எடுத்திருக்கலாம். நான் எடுத்திருக்கலாம். நீங்களும் எடுத்திருக்கலாம் தௌக்கே. அலமாரிச் சாவி உங்களிடம்தானே இருந்தது.”

இன்ஸ்பெக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். வழக்கு எழுதப்படவில்லை. சங்கிலியும் கடைசிவரை கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வேறு சங்கிலி செய்தார்கள். பூட்டைக் கழுவி, கரித்தூள் போட்டு மாட்டிக் கொடுத்தேன். சந்தனத்துக்கு இனி பானெட் போதும் என்று பிள்ளை சொன்னதை முதலாளி சாமியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு சாவிகளையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதில் ஒன்றை அந்தோணி பக்கம் நீட்டினார்.

“சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. காடிய எடு. கடைக்கு நேரமாச்சு.”

அந்தோணி கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “ஓட்டுறேன் முதலாளி. சாவி ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“சாவி இல்லாம எப்படிடா ஓட்டுவ?”

“நீங்க வந்து கதவத் தொறந்து விடுங்க. ஏறி ஓட்டுறேன். எறங்கினதும் உங்க கையில குடுத்துடுறேன்.”

“கோவமா? ஒரு வார்த்த சொல்லிட்டேன்னு...”

“கோவம் எனக்கு எதுக்கு முதலாளி? இனிமே ஒண்ணு காணாமப் போனா உங்களுக்கு யோசிக்கிற சிரமம் இருக்கப்படாது.”

முதலாளி ஆதரவு தேடிப் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை காப்பிக் குவளைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் முதலாளி காரைச் சுற்றிவந்து, குனிந்து, கதவைத் திறந்துவிட்டார். அந்தோணி நன்றி சொல்லி ஏறினார்.

ஒரு நாள் வீறாப்பு, மறுநாள் சரியாகிவிடும் என்றுதான் முதலாளி நினைத்திருப்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வேறு டிரைவர் வைத்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி புது வேட்டியோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பார். அந்தோணி வேட்டியை மட்டும் எடுத்துக்கொள்வார். காஜா பெராங் சாலையில் அந்தக் கார் நிற்கும் இடமெல்லாம் அதே காட்சி. உச்சி வெயிலில் பூட்டிய காருக்குப் பக்கத்தில் அந்தோணி தன் வெள்ளை டிரைவர் தொப்பியோடு நிமிர்ந்து நிற்பார். தோளில் துண்டும் கையில் சாவியுமாக முதலாளி வேர்க்க வேர்க்க நடந்து வந்து, குனிந்து, டிரைவருக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் பலர், அந்த வெள்ளைத் தொப்பிக்காரருடைய காருக்கு எவ்வளவு வயதான டிரைவர் என்று எங்களிடம் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். நாங்கள் யாரும் திருத்தவில்லை.